தசையில் லியூசின் எரியும் விதம்

நேயர்களுக்கு வணக்கம். குடலில் பிரிந்த புரதம் முதலில் போய்ச் சேருவது கல்லீரலுக்கு. புரதத்தின் துண்டுகளான அமினோ அமிலங்களில் பெரும்பாலானவற்றைக் கல்லீரலே செலவழிக்கத் தொடங்கிவிடும். லியூசின், ஐசோலியூசின், வேலின் என்ற கிளைச்சங்கிலி அமினோ அமிலங்கள் மூன்றும் அதற்கு விலக்கு. இவற்றைப் பிரிக்கும் முதல் நொதி கல்லீரலில் மிகக் குறைவு. அதனால் மூன்றும் ரத்தத்தோடு தசைக்குப் போய்விடுகின்றன.

தசை செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில், வைட்டமின் பி6 துணையோடு, இவற்றின் நைட்ரஜன் உள்ள பகுதியான அமினோ தொகுதி கழன்று, குளுட்டமேட் என்ற வேறொரு அமினோ அமிலத்தில் சேருகிறது. மிஞ்சுவது கீட்டோ அமிலம். கழன்ற நைட்ரஜன் அம்மோனியாவாகத் தேங்கினால் ஆபத்து. ஆகவே தசை அதை அலனின், குளுட்டமின் என்ற அமினோ அமிலங்களாக மாற்றி வெளியேற்றுகிறது. அலனினை வாங்கிக்கொள்ளும் கல்லீரல், கார்பனைக் குளுக்கோஸாக்குகிறது, நைட்ரஜனை யூரியாவாக்குகிறது.

இதுவரை நடந்தது திரும்பக்கூடியது. அடுத்த படியில் கீட்டோ அமிலத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடு பிரிந்துவிடும். பிறகு போனது போனதுதான். அதனால்தான் உடல் இங்கே பூட்டுப் போட்டு வைத்திருக்கிறது. இந்தப் படியைச் செய்யும் நொதிக்கூட்டத்தின் மேல் பாஸ்பேட் ஒட்டினால் வேலை நிற்கும், கழன்றால் ஓடும். ஓய்வில் இருக்கும் தசையில் பெரும்பகுதி பூட்டியே கிடக்கிறது. நெடுநேரம் ஓடும்போது திறக்கிறது. லியூசினிலிருந்து வரும் கீட்டோ அமிலம் கூடினாலும் திறக்கிறது.

இந்த நொதி பிறவியிலேயே பழுதானால் வருவது மேப்பிள் சிரப் சிறுநீர் நோய். 1954இல் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. கடுமையான வகையில், பிறந்த சில நாட்களிலேயே குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்துபோகும், சிறுநீரில் எரிந்த சர்க்கரை வாசம் வீசும். லியூசின் ஏற ஏற மூளை வீங்கும். சிகிச்சையை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

இனி, உடற்பயிற்சி செய்பவர்கள் கேட்கும் பிசிஏஏ பவுடர், அதாவது இந்த மூன்று கிளைச்சங்கிலி அமினோ அமிலங்களின் பவுடர். புரதம் கட்டச் சொல்லித் தசைக்குச் சைகை காட்டுவது லியூசின்தான், உண்மை. ஆனால் உடலால் தயாரிக்க முடியாத அமினோ அமிலங்கள் ஒன்பது. பவுடரில் இருப்பவை மூன்று. மீதி ஆறுக்கு, முழுப் புரதம் சாப்பிடாதவர் உடம்பு எங்கே போகும்? இருக்கும் தசையைத்தான் உடைக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் 2007 அறிக்கைப்படி கிலோ எடைக்கு நாளொன்றுக்குத் தேவைப்படும் லியூசின் 39 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 2.3 கிராம். போதிய புரதமுள்ள சாப்பாட்டிலேயே இது கிடைத்துவிடும். அதற்கு மேல் பவுடராக உள்ளே போகும் லியூசின், நான் சொன்ன அந்தப் பூட்டைத் தானே திறந்து எரிந்துபோகிறது.