பீச் பாலுக்கு வட்டி

வணக்கம் மக்களே. பின்னால் இரைச்சல் கேட்டால் அது காற்று. வீட்டில் பாப்பா தூங்குகிறாள், அதனால் ரோக்கர் கடற்கரையில் காரை நிறுத்திவிட்டு உள்ளே உட்கார்ந்து பேசுகிறேன். கண்ணாடியை ஏற்றினால் புழுங்குகிறது, இறக்கினால் ஒரு கடற்காகம் வந்து என் சிப்ஸையே பார்க்கிறது. சரி.

இன்று 2018 ஏப்ரல் 22. வழக்கமாக இந்தச் சேனலில் விசா, வாடகை வீடு, மலிவாகக் கறிவேப்பிலை எங்கே கிடைக்கும் என்று பேசுவேன். இன்று அதெல்லாம் கிடையாது. நேற்று சாயங்காலம் எங்கள் ஊர்க் கால்பந்து டீம் சண்டர்லாந்து மூன்றாவது டிவிஷனுக்கு இறங்கிவிட்டது. போன வருஷம் இதே ஏப்ரல் கடைசியில் முதல் டிவிஷனான பிரீமியர் லீக்கிலிருந்து இரண்டாவதான சாம்பியன்ஷிப்புக்கு விழுந்தோம், அங்கேயும் நிற்காமல் இப்போது லீக் ஒன். மாடியிலிருந்து விழுந்தவன் தரையிலும் நிற்காமல் கிணற்றுக்குள் போன மாதிரி.

அது கூடப் பரவாயில்லை. ராத்திரி முழுக்க வாட்ஸப். லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கிற என் பெரியப்பா மகன், அண்ணன் முறை, ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்கிறார். "தம்பி, உங்க ஊர்க்காரங்களுக்கு நல்லா வேணும்டா. அன்னைக்கு பிரெக்ஸிட்டுக்குக் குத்துனாங்கல்ல, இப்ப அனுபவிக்கட்டும்." கடைசியில் ஒரு சிரிப்பு வேறு. அதைக் கேட்டதிலிருந்து எனக்கு எரிகிறது. பந்து விளையாட்டுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் இருக்கிறது, ஆனால் அண்ணன் நினைக்கிற மாதிரி இல்லை.

ஊரிலிருந்து பார்க்கிறவர்களுக்காக ஒரு நிமிஷம். 2016 ஜூன் 23, ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா, வெளியேறுவதா என்று நாடு முழுக்க ஓட்டு. 51.9 சதவீதம் வெளியேறு, 48.1 இரு. எங்கள் சண்டர்லாந்தில் 61 சதவீதத்துக்கு மேல் வெளியேறு. எண்ணுவதில் இந்த ஊர் கில்லாடி, 1992-லிருந்து ஒவ்வொரு பொதுத் தேர்தலிலும் முதல் முடிவைச் சொன்னது இங்கேதான். பெட்டி வந்தவுடன் பசங்க வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி உள்ளே ஓட்டமாகக் கொண்டுபோவார்கள், தண்ணீர் லாரி வந்த தெருவில் குடம் கைமாறுகிற மாதிரி. (போன வருஷத் தேர்தலில் அந்தப் பெருமையையும் எங்கள் பக்கத்து ஊர் எதிரி நியூகாசில்காரன் பறித்துக்கொண்டான், அது வேறு வயிற்றெரிச்சல்.) அன்று நள்ளிரவு தாண்டிக் கொஞ்ச நேரத்தில் சண்டர்லாந்து முடிவு வந்ததும் டிவியின் மூலையில் பவுண்டு மதிப்பு சரிகிறது. நான் மாசா மாசம் மதுரையில் வீட்டுக் கடனுக்குப் பணம் அனுப்புகிறவன். நூறு ரூபாய் பக்கம் இருந்த பவுண்டு மறுநாள் தொண்ணூற்றுச் சொச்சம், அக்டோபரில் எண்பத்துச் சொச்சம். கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன்.

நான் ஓட்டுப் போட்டேனா என்று போன வீடியோவில் ஒருவர் கேட்டிருந்தார். போட்டேன், இந்திய பாஸ்போர்ட்டோடுதான். காமன்வெல்த் நாட்டுக்காரர்கள் இங்கே குடியிருந்தால் ஓட்டு உண்டு. வாக்குச்சாவடியில் அடையாள அட்டை கேட்கவில்லை, விரலில் மை வைக்கவில்லை, நூலில் கட்டித் தொங்கவிட்ட ஒரு பென்சில், அவ்வளவுதான். வெளியே வந்து பழக்க தோஷத்தில் ஆள்காட்டி விரலைப் பார்த்தேன், வெறுமையாக இருந்தது, ஓட்டுப் போட்ட மாதிரியே இல்லை. ஆனால் என்னோடு வேலை செய்கிற போலந்துக்காரருக்கு ஓட்டு இல்லை. பத்து வருஷமாக இங்கே வரி கட்டுகிறார், பிள்ளைகள் இங்கேயே பள்ளிக்கூடம் போகிறார்கள், அவர் வாழ்க்கையைப் பற்றித்தான் ஓட்டே. மறுநாள் கேன்டீனில் என்னிடம் "உனக்கு உண்டு, எனக்கு இல்லையா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். என்னிடம் பதில் இல்லை, டீ வாங்கிக் கொடுத்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நம்ம ஆட்கள் எல்லாரும் "இரு" என்று குத்தினார்கள் என்று நினைக்காதீர்கள். ஐரோப்பாக்காரன் வரத்து நின்றால் நம்ம ஊர் சமையல்காரருக்கு விசா கிடைக்கும் என்று பிரச்சாரத்தில் சொன்னார்கள், அதை நம்பி வெளியேறு பக்கம் குத்திய ஓட்டல் முதலாளிகள் உண்டு. அண்ணன் அவர்களுக்கெல்லாம் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாரா?

சரி, நேற்றைய மேட்சுக்கு வருகிறேன். பர்ட்டன் ஆல்பியன். ஏழாயிரம் பேர் கூட உட்கார முடியாத மைதானம் வைத்திருக்கிற டீம், எங்களைப் போலவே அடிமட்டத்தில் தவிக்கிறது. எங்கள் ஸ்டேடியம் ஆஃப் லைட்டில் 49,000 இருக்கை. சிவப்பாக இருந்த இருக்கைகள் வெயிலில் வெளுத்து ரோஸ் ஆகிவிட்டன, துவைத்துத் துவைத்துச் சாயம் போன சட்டை மாதிரி. இங்கிலாந்தில், அதுவும் இந்த வடகிழக்கு மூலையில், வெயிலில் சாயம் போயிருக்கிறது என்றால் எவ்வளவு காலம் மாற்றாமல் விட்டிருப்பார்கள் பாருங்கள். எங்கள் மெக்நேர் ஒரு கோல் போட்டார், முன்னிலை. 86-வது நிமிஷம் பர்ட்டன் சமன் செய்கிறது. போட்டது யார்? டேரன் பென்ட்.

இந்தப் பெயர் உங்களுக்கு ஒன்றும் சொல்லாது, எனக்குச் சொல்லும். நான் 2009 செப்டம்பரில் படிக்க வந்தேன், அக்டோபர் 17 அன்று ஒரு நண்பன் தயவில் என் வாழ்க்கையின் முதல் மேட்ச், எதிரணி லிவர்பூல். ஐந்தாவது நிமிஷம், அப்போது எங்கள் டீமில் இருந்த பென்ட் அடிக்கிறார், அதே நேரம் கோல் முன்னால் ஒரு சிவப்பு பீச் பால் கிடக்கிறது, ஆமாம், பிள்ளைகள் கடற்கரையில் தட்டி விளையாடுகிற காற்றடைத்த பந்து, லிவர்பூல் கூட்டத்திலிருந்துதான் உள்ளே வந்தது. பென்ட் அடித்த பந்து இதில் பட்டுத் திசை மாற, கோல் கீப்பர் ரெய்னா திணற, பந்து உள்ளே. விதிப்படி அது செல்லாது, ஆட்டத்தை நிறுத்தியிருக்க வேண்டும். நடுவர் கோல் கொடுத்துவிட்டார். 1-0, அப்படியே முடிந்தது. அடுத்த வாரம் நடுவரை ஒரு டிவிஷன் கீழே அனுப்பினார்கள், ஆனால் முடிவு மாறவில்லை, மறு ஆட்டமும் இல்லை. நானும் நாற்பதாயிரம் பேரோடு நின்று தொண்டை கிழியக் கத்தினேன். "செல்லாத கோல், மூன்று பாயின்ட்டைத் திருப்பிக் கொடுப்போம்" என்று ஒருத்தன் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

2011-ல் சீசன் டிக்கெட் எடுத்தேன். பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர், பெயர் சொல்ல மாட்டேன். அந்த மைதானம் இருக்கிற இடத்தில் முன்னால் வேர்மவுத் நிலக்கரிச் சுரங்கம் இருந்தது, 1993-ல் மூடினார்கள், வாசலில் இன்னும் சுரங்க விளக்கு ஒன்றைப் பெரிதாகச் செய்து வைத்திருக்கிறார்கள். அவர் அங்கே வேலை பார்த்தவர். "முன்னாடி இங்க வர்றதுக்கு எனக்குக் காசு குடுத்தாங்க, இப்ப நான் காசு குடுத்து வர்றேன்" என்பார். பிளாஸ்கில் டீ, பிரெட்டுக்குள் பீஸ் புட்டிங். அது ஒன்றுமில்லை, மஞ்சள் பட்டாணியை வேகவைத்து மசித்தது, கடுகு தாளித்தால் நம்ம பருப்பு மசியல்தான். எனக்காகப் பன்றிக்கறி வைக்காமல் ஒன்று தனியாகக் கொண்டுவருவார். நான் முறுக்கு கொண்டுபோவேன், அவருக்குப் பல் ஒத்துழைக்காது, டீயில் நனைத்துச் சாப்பிடுவார்.

2016 மே 11, எவர்ட்டனை 3-0 என்று அடித்து, கீழே இறங்காமல் தப்பித்தோம், நியூகாசில் கீழே போனது. என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். ஆறு வாரத்தில் ஓட்டு. ஆகஸ்டில் மறுபடி பார்த்தபோது உட்கார்ந்ததும் உட்காராததுமாக, "நாம ஜெயிச்சுட்டோம் மகனே" என்றார். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "நாம இல்ல, நீங்க" என்றேன். அதோடு விட்டேனா? "உங்க பேரன் நிஸ்ஸான்ல வேலை பாக்குறான், அந்தக் காருல பாதிக்கு மேல ஐரோப்பாவுக்குத்தான் போகுது, அவன் வேலைக்கு நீங்களே குழி தோண்டிட்டீங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்து, "குழி தோண்டுறதப் பத்தி எனக்கு நீ சொல்லித் தர்றியா?" என்றார்.

மக்களே, சுரங்கத் தொழிலாளியிடம் நான் தேர்ந்தெடுத்த உவமை.

அப்புறம் அவர் நிறையச் சொன்னார். 1973-ல் இந்த நாடு ஐரோப்பாவோடு சேர்ந்தது, அதே வருஷம்தான் சண்டர்லாந்து லீட்ஸைத் தோற்கடித்து எஃப்.ஏ. கோப்பை வாங்கியது, 75 வாக்கெடுப்பில் "இரு" என்றுதான் போட்டாராம். பிறகு 88-ல் கடைசிக் கப்பல் கட்டும் தளமும் போனது, ஐந்து வருஷத்தில் சுரங்கமும் போனது. கப்பல் தளம் போனதில் பிரசெல்ஸுக்கும், அதாவது ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமைக்கும், பங்கு உண்டு என்று அவர் நம்புகிறார். "நாப்பது வருஷமா எங்களை எவனும் ஒண்ணும் கேக்கல, அன்னைக்குத்தான் கேட்டாங்க, சொன்னேன்" என்றார். நான், கேட்டது வேறு கேள்வி என்றேன். அவர், "உன்னைச் சொல்லல, அவங்களச் சொன்னேன்" என்றார். அவங்க யார்? என் போலந்துக்கார நண்பரா? அதோடு பேச்சு நின்றது.

கிட்டத்தட்ட இரண்டு சீசன். பக்கத்துப் பக்கத்து ரோஸ் இருக்கை, முழங்கால் இடிக்கும், பேச்சு இல்லை. அந்த நேரம் பார்த்து டீம் சொந்த மைதானத்தில் 364 நாள் ஒரு மேட்ச் கூட ஜெயிக்கவில்லை. போன டிசம்பரில் ஃபுல்ஹாமோடு 1-0 வந்தபோது இரண்டு பேரும் துள்ளி எழுந்து, கட்டிப்பிடிக்கப் போய், நடுவழியில் ஞாபகம் வந்து, கை குலுக்கிக்கொண்டு உட்கார்ந்தோம், ஏதோ பேங்க் மேனேஜரைப் பார்க்கப் போனவர்கள் மாதிரி.

எனக்கு எதில் ஆத்திரம் தெரியுமா? இந்த வாக்கெடுப்பை வைத்த பிரதமர் கேமரன் மறுநாள் காலையிலேயே ராஜினாமா அறிவித்தார். எங்களைக் காப்பாற்றிய மேனேஜர் அலர்டைஸ் ஒரு மாதத்தில் இங்கிலாந்து அணிக்குப் போனார், அங்கே 67 நாள். பிறகு வந்த மாய்ஸ் 24 பாயின்ட்டோடு கடைசி இடத்தில் விட்டுப் போனார். அடுத்து கிரேசன், அவரும் மூன்று நாலு மாதம். ஒரு ஆட்டக்காரருக்கு வாரம் 70,000 பவுண்டு என்று பத்திரிகையில் எழுதினார்கள், டீம் கீழே போனால் சம்பளம் குறையும் என்ற ஷரத்தே அவர் ஒப்பந்தத்தில் இல்லையாம். அந்த வாக்குச்சீட்டிலும் அப்படித்தான், இரண்டே கட்டம், இரு, வெளியேறு. எப்படி வெளியேறு, சுங்கம் என்ன ஆகும், நிஸ்ஸானுக்குச் சாமான் ஏற்றிவரும் லாரி துறைமுகத்தில் நின்றால் என்ன செய்வது, ஒரு ஷரத்தும் இல்லை. நான் அந்தத் தொழிற்சாலைக்கு உதிரிபாகம் அனுப்புகிற ஒரு கம்பெனியின் கிடங்கில்தான் இருக்கிறேன், சில மணி நேரத்துக்கு உண்டான சாமான்தான் எப்போதும் கையிருப்பு, லாரி வந்துகொண்டே இருக்க வேண்டும். வெளியேறும் தேதி 2019 மார்ச் 29 என்று குறித்துவிட்டார்கள், இன்றுவரை எங்கள் சூப்பர்வைசருக்கு என்ன செய்வது என்று ஒரு தாள் வரவில்லை. எழுதிக் கொடுக்க வேண்டியவர்கள் எல்லாம் போயாச்சு, இருக்கிறது நானும் அந்தப் பெரியவரும், நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

போன ஞாயிற்றுக்கிழமை லண்டனில் மறுபடி ஓட்டு வைக்கச் சொல்லி ஒரு இயக்கம் ஆரம்பித்திருக்கிறார்கள். நான் எந்தப் பக்கம் என்று கேட்பீர்கள். மனசு வேண்டும் என்கிறது. வெளியேறு பக்கத்துக்காரர்கள் பஸ்ஸில் எழுதி ஒட்டினார்களே, வாரம் 350 மில்லியன் பவுண்டு ஐரோப்பாவுக்குப் போகிறது என்று, அது சரியான பீச் பால். ஆனால் பீச் பால் கோலுக்குக் குதித்தவன் நான். அன்று லிவர்பூல்காரன் மறு ஆட்டம் கேட்டிருந்தால் அவனைப் பார்த்து என்ன பாட்டு பாடியிருப்போம் என்று எனக்குத் தெரியும், இந்த வீடியோவில் சொல்ல முடியாது.

சரி, நேற்று. பென்ட் கோல் போட்டதும் மைதானம் அமைதி. பெரியவர் முன்னால் பார்த்தபடியே, "பீச் பால்" என்றார். இரண்டே வார்த்தை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியவில்லை. "வட்டியோட வாங்குறான்" என்றேன். அவரும் சிரித்தார், முன் வரிசையில் ஒருத்தர் திரும்பி எங்கள் இரண்டு பேரையும் கொலை செய்கிற மாதிரி பார்த்தார். கூடுதல் நேரம் மூன்றாவது நிமிஷம் பர்ட்டனின் பாய்ஸ் தலையால் முட்டினார், 2-1, முடிந்தது. அவர் பிளாஸ்க் மூடியில் மிச்சமிருந்த டீயை ஊற்றி என்னிடம் நீட்டினார். ஆறிப்போன டீ, சர்க்கரை வேறு இல்லை.

படியிறங்கும்போது பேரனைப் பற்றிக் கேட்டேன். ஷிஃப்ட் மாறியிருக்கிறதாம், வேலை இருக்கிறதாம், இப்போதைக்கு. ஓட்டைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை, நான் மாறவில்லை, அவர் மாறியதாகவும் தெரியவில்லை. வாசலில் அந்த விளக்குப் பக்கத்தில் நின்று, "அடுத்த வருஷம் ஆக்ரிங்டன் வருமாம்" என்றார். போன வாரம்தான் அந்த டீம் லீக் ஒன்னுக்கு ஏறி வந்திருக்கிறது. "எங்க இருக்கு அது?" என்று கேட்டேன். "லங்காஷயர் பக்கம். நீ கார் ஓட்டுவியா?"

இப்போதுதான் மேப்பில் பார்த்தேன், இரண்டரை மணி நேரம் காட்டுகிறது. அண்ணனுக்கு இன்னும் பதில் அனுப்பவில்லை, இந்த வீடியோவின் லிங்க்கை அனுப்பிவிடுகிறேன். இருங்கள், இருங்கள், ஏய், போ... சிப்ஸை எடுத்துவிட்டது.