உளியின் கூர் எங்கே போகிறது?

நேயர்களுக்கு வணக்கம். தச்சு உளியைப் பற்றிப் பேச வாய்ப்பளித்த நாகர்கோவில் வானொலி நிலையத்தாருக்கு நன்றி.

உளியை எந்தக் கல்லில் தீட்டலாம் என்றுதான் பெரும்பாலோர் கேட்கிறார்கள். தீட்டிய கூர் ஏன் நிற்பதில்லை என்பதே அதைவிட நல்ல கேள்வி என்று நான் கருதுகிறேன்.

கூர் இரண்டு வகையில் போகிறது. ஒன்று தேய்மானம்; தேக்கு மரம் உளிக்கு மெத்தென்று வழிவிட்டாலும், அதில் கலந்துள்ள சிலிக்கா, உளியின் வாயை, அதாவது வெட்டும் விளிம்பை, சிறிதுசிறிதாக அரைத்து மழுக்கிவிடும். மற்றொன்று முறிவு; வைரம் பாய்ந்த பனங்கை என்னும் பனமரச் சட்டத்திலோ, பலா, அயனி மரங்களின் கணுவிலோ கொட்டாப்புளி என்னும் மரச் சுத்தியலால் ஓங்கி அடிக்கும்போது, மெல்லிய வாய் மடங்கும் அல்லது பொடிப்பொடியாகப் பெயரும். முறிவைத் தடுக்கத் தீட்டும் கோணத்தை மாற்றினால் போதும். தேய்மானத்துக்கு அது உதவாது. அடிக்கடி மெருகேற்றுவது ஒன்றே வழி.

கையால் தள்ளி இழைப்பதற்கு மட்டும் பயன்படும் உளிக்கு 25 பாகைச் சரிவு போதும். கொட்டாப்புளி படும் உளியென்றால், 25 பாகையில் தீட்டிய பிறகு பிடியைச் சற்றே உயர்த்தி, நுனியில் மட்டும் 30 பாகையில் சில இழுப்புகள் இழுத்துவிட வேண்டும். துளை வெட்டும் கனத்த உளிக்கு 35 பாகை வரை போகலாம். இதனால் கூர் சற்றுக் குறைவதுபோல் கைக்குத் தோன்றினாலும், அந்த வாய் அதிக நேரம் உழைக்கும்.

தீட்டும்போது மறுபக்கத்தில் மெல்லிய பிசிர் எழும். அதை அப்படியே விட்டால், கையில் தடவிப் பார்க்கும்போது கூராகத் தெரியும் உளி, முதல் சில அடிகளிலேயே பிசிர் ஒடிந்து சொரசொரப்பாகிவிடும். ஆகவே உளியின் முதுகைக் கல்லின்மேல் முழுவதும் படிய வைத்துத் தேய்த்துப் பிசிரை நீக்கிவிட்டு, பலகையில் ஒட்டிய தோலில் பச்சை நிற மெருகுக்கட்டியைத் தடவி, வாய் பின்னால் வருமாறு இழுக்க வேண்டும். வேலையின் நடுவே, மழுங்கியது தெரியும் முன்பே, இந்தத் தோலில் சில இழுப்புகள் இழுத்துக்கொண்டால் கல்லுக்குப் போகும் தேவை பெரிதும் குறையும். அழுத்தி இழுத்தால் தோல் அமுங்கி வாயை உருட்டிவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மின்சாரச் சாணை வேலையை விரைவாக்கும், கெடுக்கவும் செய்யும். வாய் நீலம் பாரித்தால் அங்கே சூடு ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸைத் தொட்டு, எஃகின் தோய்ச்சல், அதாவது சூடேற்றிக் குளிரவைத்து அதற்கு ஏற்றிய கடினம், இறங்கிவிட்டது என்று பொருள். அந்தப் பகுதியை முழுவதும் தேய்த்து நீக்காதவரை, எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது. வெறும் விரலை வாயருகே எஃகின்மேல் வைத்துப் பிடித்து, விரல் சுட்டவுடன் தண்ணீரில் நனைப்பதே பாதுகாப்பு.

வேலை செய்யாத நாள்களிலும் உளி மழுங்குகிறது. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழைகளும் பெய்யும் நம் மாவட்டத்தில், அதிலும் குளச்சல் போன்ற கடலோர ஊர்களில் வீசும் உப்புக்காற்றில், துரு முதலில் கெடுப்பது வாயின் மெல்லிய விளிம்பைத்தான். மரத்தூளும் வியர்வையும் துடைக்கப்படாமல் பெட்டிக்குள் போகக் கூடாது. வீட்டில் எப்போதும் இருக்கும் தேங்காய் எண்ணெய் அன்றாடப் பூச்சுக்கு உதவும். மாதக்கணக்கில் எடுத்து வைப்பதென்றால் தையல் எந்திர எண்ணெய் நல்லது. தோலுறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால், மழைக்காலத்தில் உளியை அதில் நெடுநாள் செருகி வைப்பதை நான் ஏற்பதில்லை.

இறுதியாகப் பழைய மரம். ஓட்டு வீடுகளைப் பிரித்தெடுக்கும் உத்திரங்களிலும் கதவுகளிலும் ஒடிந்த ஆணியும் சுண்ணாம்பும் மணலும் புதைந்திருக்கும். கம்பித் தூரிகையால் தேய்த்து, காந்தத்தால் தடவிப் பார்த்து, 35 பாகையில் தீட்டிய பழைய உளி ஒன்றால் மேற்பரப்பைக் கொத்தி எடுத்த பிறகே நல்ல உளியைக் கையில் எடுங்கள். வணக்கம்.