மாலா மாத்திரையும் மேல்தொட்டி மோட்டாரும்

வணக்கம் நேயர்களே. கருத்தடை மாத்திரையைப் பற்றி வானொலியில் சத்தமாகப் பேசுவதா என்று என் மாமியார் கேட்டார். பேசத்தான் வேண்டும், ஒரு லாரி டிரைவரின் மனைவி இன்னும் என் மனசில் உட்கார்ந்திருக்கிறார்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் வேலை பார்த்த காலம். இலவசமாகத் தரும் மாலா-என் அட்டை மூன்று வாங்கிப் போனவர், நாள் தள்ளிப்போய் வந்து நின்றார். "ஒழுங்காத்தான் போட்டேன் டாக்டரம்மா" என்று பையிலிருந்து எடுத்தால் முதல் அட்டையே முடியவில்லை, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பத்துப் பன்னிரண்டு குழிதான் காலி. "அவரு வந்த அன்னிக்கு மட்டும் போட்டேன். லோடு ஏத்திக்கிட்டு நாக்பூர் போயிட்டா எதுக்கு வீணா?" சிரிக்காதீர்கள். தலைவலிக்கு அப்படித்தானே போடுகிறோம்? இது எப்படி வேலை செய்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, நானும்தான்.

வீட்டு மேல்தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குறைந்தால் மோட்டார் தானாக ஓடும், நிறைந்திருந்தால் ஓடாது. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிதான் அந்த மோட்டார். ரத்தத்தில் ஹார்மோன் குறைந்தால், முட்டையை வளர்க்கச் சொல்லி சினைப்பைக்கு உத்தரவு அனுப்பும். மாத்திரையில் இருப்பதும் இரண்டு ஹார்மோன்தான்: எத்தினைல் எஸ்ட்ராடியால் 0.03 மில்லிகிராம், லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மில்லிகிராம், அவ்வளவுதான். தினமும் குடத்தில் கொண்டுபோய் ஊற்றுவதுபோல அது தொட்டியை நிறைத்தே வைக்கிறது, மோட்டார் சும்மா கிடக்கிறது, முட்டை வெளியே வருவதில்லை. கருப்பை வாயில் சளியும் கெட்டியாகி விந்தணுவை மறிக்கும். புருஷன் ஊரில் இல்லாவிட்டாலும் தினமும் ஊற்றியாக வேண்டும்.

அப்புறம் அந்தக் கடைசி ஏழு மாத்திரை. ஒரு அட்டையின் 28 மாத்திரையில் வேறு நிறத்தில் இருக்குமே, அது வெறும் இரும்புச்சத்து. தீட்டு வருவதும் அந்த நாட்களில்தான். தூக்கிப் போட்டால் கர்ப்பம் தரிக்காது, ஆனால் கைப்பழக்கம் விட்டுப்போகும். ஏழு நாள் தொட்டி இறங்கிக்கொண்டே இருக்கிறது இல்லையா, எட்டாம் நாள் புது அட்டையைத் தொடங்காவிட்டால் மோட்டார் ஓட ஆரம்பித்துவிடும். நடுவில் ஒன்றை மறந்தால் ஞாபகம் வந்ததும் போட்டுக்கொள்ளலாம். புது அட்டையை இரண்டு மூன்று நாள் தள்ளுவதுதான் ஆபத்து. திரும்பச் சொல்கிறேன், புது அட்டையைத் தள்ளாதீர்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரல் காட்டுகிறார்கள், ஒரு நிமிஷமாம். சரி, வேகமாக. 35 வயது தாண்டிப் புகைபிடிப்பவர்கள், ரத்த அழுத்தம் உள்ளவர்கள், கண்ணில் மின்னல் வெட்டி ஒற்றைத் தலைவலி வருபவர்கள், ஆறு மாதம் ஆகாத குழந்தைக்குப் பால் கொடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. டிபிக்கு ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் இதை நம்ப முடியாது. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

அந்தம்மாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. "மாத்திரையெல்லாம் எனக்குச் சரிப்படாது டாக்டரம்மா" என்று சொல்லி, காப்பர்-டி போட்டுக்கொண்டு போனார்.