எந்த மருந்து?

(பாலக்கோடு அருகே ஒரு கிராமப் பள்ளியில், விவசாயிகளும் மகளிர் குழுவினரும் கூடிய கூட்டத்தில் ஒரு பொது மருத்துவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். தக்காளி பறிக்கிற நாளில் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். நேராக விஷயத்துக்கே வருகிறேன்.

ராத்திரி ஒரு மணிக்கு கேஷுவாலிட்டி வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. ஒரு பையன் அப்பாவைத் தோளில் தாங்கிக்கொண்டு உள்ளே ஓடிவந்தான். என்னப்பா ஆச்சு என்று கேட்டால், "மருந்து குடிச்சிட்டாருங்க டாக்டர்" என்றான். இந்த வாக்கியத்தை இருபத்தைந்து வருடத்துக்கு மேல் கேட்டுவிட்டேன். இன்றைக்கும் கேட்டால் பதறுகிறது. நம் ஊரில் மருந்து என்றால் எத்தனை பொருள் பாருங்கள். காய்ச்சலுக்குச் சாப்பிடுவது மருந்து. தோட்டத்துக்கு அடிப்பது மருந்து. எலிக்கு வைப்பது மருந்து, களைக்கு அடிப்பதும் மருந்து. சோற்றில் ஏதோ கலந்து வைத்துவிட்டார்கள் என்று சந்தேகப்படுகிறோமே, அதற்கும் மருந்து என்றுதான் பெயர். அதனால் என் வேலை அடுத்த கேள்வியில்தான் தொடங்குகிறது. எந்த மருந்து?

அந்தப் பையனுக்குத் தெரியவில்லை. பக்கத்துத் தோட்டக்காரர் மீதியிருந்ததைக் கொடுத்திருக்கிறார். அதை ஒரு தண்ணீர் பாட்டிலில் ஊற்றி மாட்டுக் கொட்டகையில் வைத்திருக்கிறார்கள். லேபிள் கிடையாது, பெயர் கிடையாது.

ரத்தம் எடுத்தால் தெரிந்துவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். எல்லோரும் அப்படித்தான் நம்புகிறார்கள். எல்லா விஷத்தையும் ஒரே சொட்டு ரத்தத்தில் காட்டுகிற பரிசோதனை எந்த ஆஸ்பத்திரியிலும் இல்லை. தடய அறிவியல் கூடத்துக்கு மாதிரி அனுப்புவது வழக்குக்கு உதவும். அதன் முடிவு வரும்வரை நோயாளி காத்திருக்க முடியாது. அதனால் முதலில் மூச்சு சீராகப் போகிறதா என்று பார்ப்போம். அதைச் சரிசெய்துகொண்டே உடம்பைப் படிக்க ஆரம்பிப்போம்.

அந்தப் பெரியவரின் கண்ணைத் திறந்து டார்ச் அடித்தேன். கண்பாப்பா குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. வாயில் நுரை, சட்டை தொப்பலாக வியர்வை, கண்ணீர், சிறுநீர் கழிந்திருந்தது. நெஞ்சில் ஸ்டெத் வைத்தால் தண்ணீர் கொதிக்கிற மாதிரி சத்தம். நாடி மெதுவாக ஓடியது. தொடைச் சதை தோலுக்கு அடியில் புழு நெளிகிற மாதிரி துடித்தது. இது ஆர்கனோபாஸ்பரஸ் குடும்பம். குளோர்பைரிபாஸ், புரோபெனோபாஸ், அசிபேட் என்று நீங்கள் தெளிக்கிற பல மருந்துகள் இதில் அடக்கம். நரம்பு ஒரு வேலையைச் சொல்லி முடித்ததும் அந்தக் கட்டளையை அழிக்க உடம்பில் ஒரு நொதி உண்டு. இந்த விஷம் அந்த நொதியைக் கட்டிப்போட்டுவிடும். கட்டளை நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். கண், வாய், குடல், நுரையீரல் எல்லாம் ஒரே நேரத்தில் ஊற்றெடுக்கும். மனிதர் தன் சளியிலேயே மூழ்குகிறார். அந்த நொதியின் அளவைப் பார்க்க ரத்தப் பரிசோதனை உண்டு, அனுப்பவும் செய்வோம். ஆனால் இந்த விஷத்துக்கு முறிவு மருந்தான அட்ரோபின் ஊசி அதற்கு முன்பே ஏறிவிட்டிருக்கும்.

அட்ரோபின் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், எனக்கு இன்றும் வியப்பு தருகிற விஷயம் அது. நம் சுடுகாட்டு ஓரத்திலும் வரப்பிலும் வெள்ளைப் பூ பூத்து நிற்கிற ஊமத்தைக்குள் இருக்கும் சத்தும் இதே வகைதான். ஊமத்தங்காயைத் தெரியாமல் தின்ற குழந்தை எப்படி வரும் தெரியுமா? கண்பாப்பா அகல விரிந்திருக்கும், வெளிச்சம் பார்த்தால் கூசும். நாக்கு காய்ந்து அண்ணத்தில் ஒட்டும். உடம்பு அனலாகச் சுடும், ஒரு சொட்டு வியர்வை இருக்காது. இல்லாத பூச்சியைக் காற்றில் பிடிக்கும், போர்வையைப் பிய்க்கும். பேய் பிடித்துவிட்டது என்று இரண்டு மணி நேரம் வேப்பிலை அடித்துவிட்டுக் கொண்டுவந்த பிள்ளையைப் பார்த்திருக்கிறேன். பூச்சிமருந்து எதையெல்லாம் திறக்கிறதோ அதையெல்லாம் ஊமத்தை மூடுகிறது. அதனால்தான் ஒன்றின் விஷம் இன்னொன்றுக்கு மருந்தாகிறது. அட்ரோபின் அளவு போதுமா என்று பார்க்க எங்கள் செவிலியர்கள் நெஞ்சைக் கேட்பார்கள், நாடி பார்ப்பார்கள், அப்புறம் அக்குளில் கை வைத்துப் பார்ப்பார்கள். அக்குள் காய்ந்துவிட்டால் நிம்மதி. நோயாளி போர்வையைப் பிய்க்க ஆரம்பித்தால் மருந்து கூடிவிட்டது என்று பொருள், ஊமத்தைப் பக்கம் போய்விட்டார், குறைக்க வேண்டும். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ நன்றாகப் பேசிக்கொண்டிருப்பவர் திடீரென்று தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமல் போவதும் உண்டு. கழுத்து தளர்ந்தால் அடுத்து மூச்சுத் தசை தளரும். அதனால்தான் ரவுண்ட்ஸ் வரும்போதெல்லாம் "தலையைத் தூக்குங்க" என்கிறோம். அதைச் சும்மா கேட்கிறோம் என்று நினைக்காதீர்கள்.

குடித்தால்தான் இது வரும் என்று இல்லை. காவேரிப்பட்டணம் பக்கம் மாம்பூ நேரத்தில் முதுகில் டேங்க் மாட்டி நாள் முழுக்க மருந்து அடித்துவிட்டு, சாயங்காலம் வாந்தி, பேதி, தலைசுற்றல் என்று வருவார்கள். பழைய சோறு ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள். வெயில் மயக்கம் என்றும் சொல்வார்கள். வெயில் மயக்கத்தில் கண்பாப்பா குண்டூசியாகாது. அந்தச் சட்டையைக் கழற்றி, தலையோடு சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினாலே பாதி சிகிச்சை. நனைந்த சட்டை உடம்பில் இருக்கும்வரை விஷம் தோல் வழியாக ஏறிக்கொண்டே இருக்கும். குளிப்பாட்டுகிறவர் கையில் உறை மாட்டிக்கொள்ள வேண்டும்.

சுருங்கிய கண்பாப்பாவை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடவும் கூடாது. வலி மாத்திரையைப் போதைக்காக எடுக்கிற இளைஞர்களும் அதே கண்ணோடு வருகிறார்கள். ஆனால் அவர்கள் உடம்பு நனைந்திருக்காது. மூச்சு மட்டும் நிமிடத்துக்கு ஆறு, ஏழு என்று இறங்கியிருக்கும். அவர்களுக்கு நலோக்ஸோன் என்ற வேறு ஊசி. கூட வந்த நண்பர்கள் ஓடிப்போகாமல் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பையன் பிழைப்பான். மயக்கத்தில் வரும் யாருக்கும் விரலில் குத்தி உடனே சர்க்கரை பார்ப்போம். தாத்தா சர்க்கரை நோய்க்குச் சாப்பிடும் கிளிமிப்பிரைடு மாத்திரையில் ஒன்றே ஒன்று சின்னக் குழந்தையின் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கும். அரளி விதை இதயத்தைத் தாக்கும், அதனால் அங்கே ஈ.சி.ஜி.தான் பேசும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தரையில் படுத்துத் தூங்கிய பிள்ளை விடியற்காலை வயிற்று வலி, வாந்தி என்று எழுந்து, கண் இமையைத் தூக்க முடியாமல் தவித்தால், ஏதோ தின்றுவிட்டது என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள். கட்டுவிரியன் கடி பல நேரம் தடயம் விடாது.

இப்போது நான் மிகவும் பயப்படுகிற விஷங்களுக்கு வருகிறேன். இவை சத்தம் போடாது. எலி பேஸ்ட் சாப்பிட்டவர் முதல் நாள் வாந்தி எடுப்பார். இரண்டாம் நாள் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்பார். வீட்டில் எல்லோருக்கும் உயிர் வந்துவிடும். எழுதிக் கொடுத்துவிட்டுக் கூட்டிப் போகிறோம் என்பார்கள். அதற்கு அடுத்த ஓரிரு நாளில் கண் மஞ்சளாகி, கல்லீரல் நின்றுபோய்த் திரும்பி வருவார். அதில் இருக்கும் மஞ்சள் பாஸ்பரஸை நம் அரசு தடை செய்திருக்கிறது. ஆனாலும் பழைய டியூப் பரணில் கிடக்கலாம், தேடிப் பாருங்கள். பாராசிட்டமால் அளவு மீறினாலும் இதே கதைதான். ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். முந்தைய நாள் வேறொரு மருத்துவமனையில், நன்றாகத்தானே இருக்கிறாள் என்று அனுப்பிவிட்டார்களாம். எங்களிடம் வந்தபோது ரத்தம் உறையவில்லை. பாராசிட்டமாலுக்கு அசிட்டைல்சிஸ்டீன் என்ற அருமையான முறிவு மருந்து இருக்கிறது. எட்டு மணி நேரத்துக்குள் ஏறினால் கல்லீரல் பெரும்பாலும் தப்பிவிடும். முதல் நாளே கொடுத்திருந்தால் என்று நான் இன்னும் நினைக்கிறேன். அவள் பிழைக்கவில்லை.

கள்ளச்சாராயமும் இப்படித்தான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் இறந்தார்களே, அது நம் சித்தேரி மலைக்கு அந்தப் பக்கத்து மாவட்டம். மெத்தனால் உள்ளே போனவருக்கு முதலில் சாதாரணப் போதை மாதிரிதான் தெரியும். தூங்கி எழுந்தால் சரியாகும் என்று விட்டுவிடுவார்கள். அரை நாள் கழித்து வயிற்று வலி, மூச்சு வாங்கல், கண் முன்னே பனிமூட்டம். போதை தெளிய வேண்டிய நேரத்தில் ஒருவர் கண் தெரியவில்லை என்றால், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டத்துக்கும் பல வருடம் எடுத்து முடக்குகிற விஷமும் தெரியும். கிணற்று நீரில் இருந்த ஃபுளோரைடை நாம் கண்டுகொண்டது பிள்ளைகளின் கறைபட்ட பல்லில்தான். ஒகேனக்கல் தண்ணீர் வந்தது அதற்காகத்தான்.

சரி, வீட்டில் என்ன செய்வது? தயவுசெய்து சாணியைக் கரைத்து ஊற்றாதீர்கள், உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர் எதுவும் வேண்டாம். அரை மயக்கத்தில் இருப்பவருக்கு அது நுரையீரலுக்குத்தான் போகும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்துக் கொண்டுவாருங்கள். டப்பாவோ, மாத்திரை அட்டையோ, தழையோ, எது கிடைத்தாலும் ஒரு கவரில் போட்டு எடுத்து வாருங்கள். எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒடுவந்தழை என்ற விஷத் தழை என்று தெரிந்தால் நாங்கள் பொட்டாசியத்தை நாள்கணக்கில் தொடர்ந்து பார்ப்போம். தெரியாவிட்டால் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிடும் ஆபத்து இருக்கிறது.

அப்புறம், மறைக்காதீர்கள். "தெரியாமல் குடிச்சிட்டா", "வாந்தி மட்டும்தாங்க" என்று சொல்லும் அம்மாக்களின் பயம் எனக்குப் புரியும். ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவு போடுவோம், போலீசுக்குத் தகவல் போகும், அது உண்மைதான். ஆனால் 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், உயிரை விட முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்கிறது. அவரைத் தண்டிக்க அல்ல, அவருக்குச் சிகிச்சை தரவே அது சொல்கிறது. நோயாளி தெளிந்ததும் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுத் தனியாகப் பேசுவேன். கடன், குடி, அடி என்று உண்மை அப்போதுதான் வரும். அந்த நிலைக்கு வரும் முன்பே பேச 14416 என்ற மனநல உதவி எண் இருக்கிறது, இலவசம், தமிழிலேயே பேசுவார்கள். இந்தக் கூட்டத்திலும் யாருக்காவது மனசு பாரமாக இருந்தால், போவதற்கு முன் என்னிடம் வந்து சொல்லுங்கள். எவ்வளவு நேரமானாலும் இருப்பேன்.

அந்தப் பெரியவர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். பையன் ஊருக்கு போன் போட்டான். பக்கத்துத் தோட்டக்காரர் தூக்கத்திலிருந்து எழுந்து, குப்பைக் குழியில் டார்ச் அடித்துப் பழைய டப்பாவைத் தேடி, வாட்ஸப்பில் படம் அனுப்பினார். குளோர்பைரிபாஸ். பன்னிரண்டாம் நாள் பெரியவர் நடந்து வீட்டுக்குப் போனார்.

இதோ இந்த மேசையில் காலி டப்பாக்களைச் சுத்தமாகக் கழுவி வரிசையாக வைத்திருக்கிறேன். லேபிளில் சாய்சதுரம் ஒன்று தெரிகிறதா? அதன் கீழ்ப்பாதி சிவப்பு என்றால் மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், நீலம், கடைசியில் பச்சை. லேபிளிலேயே முறிவு மருந்து பற்றிய குறிப்பும் அச்சாகியிருக்கும். பின் வரிசையில் இருக்கிறவங்க முதலில் வாங்க, கையில் எடுத்துப் பாருங்க.