மாத்திரையை நிறுத்தும் முன்

நேயர்களுக்கு வணக்கம். இதய பலவீனமும் சிறுநீரகக் கோளாறும் சேர்ந்தே இருப்பவர்களின் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் பொட்டாசியம் என்று ஒரு வரி வரும். 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டியது 5.8 காட்டும். உடனே ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுத்த டெல்மிசார்டன், ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரைகளை நிறுத்திவிடுவார்கள். அடுத்த மாதம் பொட்டாசியம் இறங்கியிருக்கும். கால் வீங்கியிருக்கும், படுத்தால் மூச்சு முட்டும். மறுபடி மாத்திரை, மறுபடி 5.8.

இந்த மாத்திரைகள் பொட்டாசியத்தைச் சிறுநீரில் போகவிடாமல் பிடித்துவைப்பவைதான். ஆனால் பல சமயம் கூட்டுக்களவாணி ஒருவன் இருப்பான். மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபெனாக், சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுத்த கோட்ரைமாக்சசோல், ஏன், நாலு நாள் மலச்சிக்கல்கூட. சிறுநீரகம் சோர்ந்தால் குடல்தான் பொட்டாசியத்தைக் கூடுதலாக வெளியே தள்ளுகிறது. சில சமயம் அளவே பொய். கையில் ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டி, விரல்களை மடக்கி மடக்கி விரிக்கவைத்து எடுத்த ரத்தம் அப்படிக் காட்டும். ஈ.சி.ஜி. சரியாக இருந்தால் அன்றைக்கே மறுபடி எடுத்துப் பாருங்கள்.

இப்போது உப்பு. 'பிரஷருக்கு நல்லது' என்று வீட்டுக்கு வருகிறதே, சோடியம் குறைத்த உப்பு, அதில் குறைத்த சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடைத்தான் சேர்த்திருப்பார்கள். மற்றவர்களுக்கு நல்லதுதான், இவர்களுக்கு வேண்டாம். பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். இந்துப்பு அப்படியில்லை, ஆனால் அதுவும் சோடியமே. கால் வீக்கத்துக்கு அது ஒன்றும் மருந்தில்லை. இளநீரோ, ஒரு காய் குடித்தால் சுமார் 500, 600 மில்லிகிராம் பொட்டாசியம் உள்ளே போகும். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் வாங்கிப் போவதும் அதைத்தான்!

காய்கறியை விடச் சொல்லவில்லை. பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, வடித்துக் கொட்டுங்கள். உருளைக்கிழங்கில் பாதியளவு பொட்டாசியம் போய்விடும். வெறுமனே ஊறவைத்தால் போகாது. குக்கரில் வைத்த கூட்டில் எல்லாம் உள்ளேயே நிற்கும். திரும்பச் சொல்கிறேன், வடித்த தண்ணீரைக் கொட்டுங்கள். 'சத்து வீணாகிறதே' என்று ரசத்தில் ஊற்றிவிடாதீர்கள். வீணாக வேண்டிய சத்தே அதுதான்.

நேரம் முடிகிறதென்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். மருந்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்பைரோனோலாக்டோனை, பொட்டாசியம் 5.5 தாண்டினால் பாதியாக்குவது, 6 தாண்டினால் நிறுத்துவது வழக்கம். அளவு இறங்கியதும் குறைந்த அளவில் திரும்பத் தொடங்கலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். தொடங்கினால் ஒரு வாரத்தில் ரத்தம் பாருங்கள். சர்க்கரை நோய்க்கும் இதய பலவீனத்துக்கும் தரும் டாபாகிளிஃப்ளோசின் மாத்திரையைச் சேர்த்தால் பொட்டாசியம் ஏறும் வாய்ப்புக் குறையும். பொட்டாசியத்தைக் குடலிலேயே பிடிக்கும் தூள்கள் உண்டு. அவற்றில் ஒன்றான கால்சியம் பாலிஸ்டைரீன் சல்ஃபோனேட்டுக்கும் மற்ற மாத்திரைகளுக்கும் 3 மணி நேரம் இடைவெளி விடுங்கள். அது மலச்சிக்கல் தரும், அதையும் கவனியுங்கள். சோடியம் சிர்கோனியம் சைக்ளோசிலிகேட் என்ற இன்னொரு தூளில் கால் வீங்கலாம். பொட்டாசியம் 6.5-ஐ எட்டினாலோ, கைகால் தளர்ந்து நாடி மெதுவானாலோ, தூளுக்கெல்லாம் காத்திருக்காமல் அந்த நேரமே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். வணக்கம்.