பூ டைல்களைச் சுவரிலேயே விட்டுவையுங்கள்
(செட்டிநாட்டுக் கிராமம் ஒன்றின் நூலக விழாவில் பேசியது)

தலைமை தாங்கும் ஊராட்சித் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் நகரத்தார் பெரியவர்களே, வெயிலைப் பாராமல் வந்திருக்கும் தலைமையாசிரியை அவர்களே, வந்ததும் மோரும் பிறகு பொன்னாடையும் தந்த நூலகர் அம்மா அவர்களே, இன்னமும் மைக்கைத் தட்டிக்கொண்டிருக்கும் தம்பி, எல்லோருக்கும் வணக்கம்.

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்பார்கள். நம் அப்பச்சிமார் வீட்டையும் கட்டினார்கள், அதே வீட்டில் கல்யாணமும் பண்ணினார்கள். அந்தக் கல்யாணத்துக்கு வந்தவர்கள் சாய்ந்து உட்கார்ந்த சுவரைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அதில் பதித்திருக்கும் பூ டைல் எங்கிருந்து வந்தது, எப்படிச் செய்தார்கள், இன்று என்ன விலை. மூன்றே செய்திகள்.

பாரிசில் 1895இல் பிங் என்ற வியாபாரி ஒரு கடை திறந்தார். அந்தக் கடையின் பெயரே ஓர் அலங்காரப் பாணியின் பெயராகி விட்டது: ஆர்ட் நூவோ. நெளிந்து எழும் தண்டு, நுனியில் ஒரு மொட்டு, இரண்டு பக்கமும் வளைந்த இலை. இங்கிலாந்தில் மின்டன், மா அண்ட் கோ போன்ற ஆலைகள் இதை டைலில் அச்சடித்துத் தள்ளின. பிறகு ஜப்பான்காரர்கள் அதே பூவை எடுத்துக்கொண்டார்கள். அவாஜித் தீவின் டான்டோ ஆலை அதில் பெரிய பெயர். பர்மாவிலும் மலேயாவிலும் சம்பாதித்துக் கட்டிய நம் வீடுகளுக்கு இரண்டு நாட்டுச் சரக்கும் வந்தது. கழன்று விழுந்த டைல் கிடைத்தால் திருப்பிப் பாருங்கள், சிலவற்றில் 'மேட் இன் ஜப்பான்' என்றே இருக்கும்.

செய்முறைக்கு வருகிறேன். களிமண்ணைக் குழைப்பதில்லை. பொடியாகவே அச்சில் வைத்து அழுத்துவார்கள். பிராசர் என்பவர் 1840இல் காப்புரிமை வாங்கிய முறை இது. சுட்டு, வண்ண மெருகு பூசி, மறுபடியும் சுடுவார்கள். பள்ளத்தில் மெருகு தேங்கிக் கருக்கும், மேட்டில் மெலிந்து வெளுக்கும். ஒரே பச்சையில் இலையும் நிழலும் சேர்ந்து வருவது அப்படித்தான்.

இங்கே ஓர் ஆச்சி கதை சொல்ல வேண்டும். பழைய சாமான் தரகர் ஒருவர் அவர் வீட்டுக்கு வந்தார். முகப்புச் சுவரைத் தடவினார். "ஆச்சி, சும்மா கிடக்கு, நல்ல விலை தர்றேன்" என்றார். ஆச்சி யோசித்தார். "எடுத்துக்கப்பா, ஆனா உடையாம எடுக்கணும். உடைஞ்சதுக்கும் காசு தரணும்" என்றார். சரி என்று கொத்தனார் உளியை வைத்தார். முதல் டைல் இரண்டாகப் போயிற்று. அடுத்தது நாலாக. தரகருக்கு வியர்த்துவிட்டது, ஆச்சி வெற்றிலையை மென்றபடி விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். கடைசியில் கொத்தனார் உளியைக் கீழே வைத்துவிட்டு, "நான் ஒட்டுற டைல் தானா விழுது ஆச்சி, இது அடிச்சாலும் வர மாட்டேங்குது" என்றார்! தரகர் காசை வைத்துவிட்டுக் கிளம்பினார். அந்தக் காசில் ஆச்சி ஓட்டை விழுந்த இடத்தில் குளியலறை வெள்ளை டைலைப் பதித்தார். போய்ப் பாருங்கள், பூந்தோட்டத்துக்கு நடுவே ஆஸ்பத்திரி.

'வீட்டைக் கட்டிப் பார்' என்றவர்கள் 'பிரித்து விற்றுப் பார்' என்று சொல்லவில்லையே! ஒரு வீட்டுக்கு இருபது பங்காளி, ஆளுக்கொரு ஊர். சாவி யாரிடமோ, முடிவு யாரிடமோ. பழுது பார்க்க ஒன்றுசேராதவர்கள் விற்கும்போது மட்டும் கூடிவிடுகிறார்கள். தலைவர் அவர்கள் மேடையில் இருக்கும்போதே கேட்கிறேன்: எந்த வீட்டில் எந்தச் சுவரில் எத்தனை டைல் என்று ஊராட்சியில் ஒரு பதிவேடு போடுங்கள். படம் எடுக்கப் பள்ளிப் பிள்ளைகளை அனுப்பலாம், தலைமையாசிரியை இப்போதே தலையாட்டுகிறார்.

விலையை நான் சொன்னால் நாளைக்கே உளி வரும். டைலைச் சுவரிலேயே விட்டுவைப்போம் என்று கையெழுத்துப் போடத் தாள் வாசல் மேசையில் இருக்கிறது. சிங்கப்பூரில் இருக்கும் பங்காளிக்கும் படம் எடுத்து அனுப்புங்கள். சாப்பாடு அதற்கு அப்புறம்தான்.