யூரியாவைக் கூட்டினால் கேரட்டில் புரதம் ஏறுமா?

வணக்கம் மக்களே. நீலகிரியில் கேத்தி பாலாடா பக்கம் நம்ம கேரட் காட்டுக்குள் நிற்கிறேன், மைக்கில் காற்று இரைந்தால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். போன வீடியோவுக்குக் கீழே ஒரு தம்பி கேட்டிருந்தார், "அண்ணா, யூரியா கூடப் போட்டால் கேரட்டில் புரதம் ஏறுமாமே, நிஜமா?" என்று.

ஏறும். ஆனால் அந்த எண் எப்படி வருகிறது என்று தெரிந்தால் சிரிப்பீர்கள். ஆய்வகத்தில் பெரும்பாலும் புரதத்தை நேராக அளப்பதில்லை. கேரட்டைக் கந்தக அமிலத்தில் கொதிக்கவிட்டு, அதிலுள்ள நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குவார்கள், ஏனென்றால் புரதத்தில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன். டென்மார்க்கில் கியெல்டால் என்பவர் 1883-இல் கொண்டுவந்த முறை, இன்றைக்கும் ஓடுகிறது. செடியோ யூரியாவிலிருந்து தேவைக்கு மேல் குடித்த தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, எல்லாம் புரதமாக்குவதில்லை. ஒரு பகுதியைக் குளுட்டமின் என்கிற அமினோ அமிலம் மாதிரி சில்லறையாகவே கிழங்கில் போட்டு வைக்கும். கணக்குக்கு அதுவும் புரதம்தான்! இதுபோக நைட்ரேட்டும் கிழங்கில் தேங்கும், கைக்குழந்தைக்கு மசித்து ஊட்டுகிற காயில் அது கூடுவது நல்லதில்லை.

அப்புறம், 100 கிராம் கேரட்டில் இருப்பதே ஒரு கிராமுக்கும் குறைவான புரதம். ஒரு முட்டையில் 6 கிராம். பத்து சதவீதம் ஏறினாலும் என்ன கிடைத்துவிடும், சொல்லுங்கள்?

சரி, வளர்ச்சிக்கு வருவோம். இதோ பாருங்கள், இந்தப் பாத்தியில் மேலுரமாக யூரியா போடும்போது மூட்டை கை தவறிக் கொட்டிவிட்டது, அள்ளியது போக மிச்சம் மண்ணோடு போனது. தழை முழங்கால் உயரம், கரும்பச்சை, போட்டோவுக்கு அருமை. பிடுங்குகிறேன்... பார்த்தீர்களா, தோளிலிருந்து நுனி வரை வெடிப்பு, மேலெல்லாம் முடி வேர். பக்கத்துப் பாத்தியில் தழை சுமார்தான், கிழங்கு நேராக, வழவழவென்று வந்திருக்கிறது. மண்டியில் வெடித்த காயைத் தனியாக ஒதுக்கிவிடுவார்கள், விலையும் போகாது.

அதற்காகத் தழைச்சத்தே வேண்டாம் என்று ஓடிவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் இலை மஞ்சளடித்து நின்றுபோகும், இலை சமைக்கிற சர்க்கரைதானே கீழே இறங்கிக் கிழங்காகிறது. முதல் மாதம் அது கட்டாயம் வேண்டும், கிழங்கு பருக்கும்போது சாம்பல்சத்துக்குத்தான், அதாவது பொட்டாசியத்துக்குத்தான், முக்கியத்துவம். 45 கிலோ யூரியா மூட்டையில் 20 கிலோவுக்கு மேல் நைட்ரஜன் இருக்கிறது, மொத்தமாகக் கொட்டினால் நம்ம ஊர் மழைக்கும் சரிவுக்கும் பாதி ஓடைக்குத்தான் போய்ச் சேரும். பிரித்துப் போடுங்கள். பச்சைச் சாணத்தை மட்டும் விதைப்புக்கு முன்னால் போடாதீர்கள், கிழங்கு இரண்டு கால், மூன்று கால் என்று கவட்டையாகிவிடும்.

தூறல் ஆரம்பித்துவிட்டது, கேமராவை மூடுகிறேன். இந்த வெடித்ததெல்லாம் இன்றைக்கு நம்ம மாட்டுக்கு.